ஐயாயிரம் டன்னும் ஒரு நகத்தளவு பிடியும்

ஜோலார்பேட்டையின் மாலை வெளிச்சம் ரயில்களைப் படமெடுக்கிறவர்களுக்கு வாகாக விழும். ஏலகிரி மலை ஊருக்குக் கிழக்கே நிற்கிறது. நான்கரை மணிக்கு மேல் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றும் தெளியும். அதன் முன்னே வந்து நிற்கும் வண்டியின் சக்கரம், ஸ்பிரிங், பிரேக் குழாய் என்று உச்சி வெயிலில் நிழலுக்குள் ஒளிந்திருந்தவை எல்லாம் சாய்ந்த ஒளியில் துலங்கும். சென்னையிலிருந்து வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சேலம், ஈரோடு பக்கம் போக, மற்றொன்று குப்பம் வழியாகப் பெங்களூருவுக்கு ஏறுகிறது. எக்ஸ்பிரஸ்களுக்கு வழிவிட்டு கூட்ஸ் வண்டிகள் லூப் லைனில் காத்துக் கிடக்கும். நின்று நிதானமாகப் பார்க்கவிடுவது கூட்ஸ்தான். அதனால்தான் வந்தே பாரத்தைவிட அதன்மேல் எனக்குப் பிரியம் அதிகம்.

இந்திய ரயில்வே ஆண்டுக்கு 150 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏற்றுகிறது. அதில் ஏறக்குறைய பாதி நிலக்கரி. நிலக்கரி வரும் திறந்த பெட்டிகளுக்கு 'பாக்ஸ்-என்' என்று பெயர். முழு பாரத்தோடு ஒரு பெட்டி 81 டன் இருக்கும். 58 பெட்டிகள் கோத்தால் 4,700 டன். இத்தனையையும் முன்னால் நிற்கும் ஒரே எஞ்சின் நகர்த்துவதைப் பார்க்கும்போது, அதன் குதிரைத்திறன் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த எஞ்சினின் எடை என்ன என்பது.

இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று தொடும் பரப்பு மிகச் சிறியது. ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு. பத்து டன் பாரம் அந்த இடத்தில் இறங்கியும் இரும்பு நசுங்குவது மிகக் கொஞ்சம். லாரி டயர் உருளும்போது ரப்பர் அமுங்கி அமுங்கி எழும். அதில் வீணாகும் ஆற்றல் இங்கே வீணாவதில்லை. சமதளத்தில் மெதுவாக உருளும் ஒரு டன் சரக்கை நகர்த்த ஒன்றிரண்டு கிலோ இழுவிசை போதும். 4,700 டன் வண்டிக்குப் பத்து டன் விசைகூட வேண்டாம்.

ஆனால் வழுக்கிக்கொண்டு உருளும் பரப்பில் ஊன்றி இழுப்பதும் கடினம். உலர்ந்த தண்டவாளத்தில்கூட ஓர் எஞ்சின் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல், விசையைத்தான் செலுத்த முடியும். அதற்கு மேல் போனால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இங்கே அதிகம் தென்படும் டபிள்யூஏஜி-9 எஞ்சினின் திறன் 6,000 குதிரைத்திறனுக்கு மேல், எடை 123 டன். அதன் அதிகபட்ச இழுவிசை 46, 47 டன் எடைக்குச் சமம். இப்போது நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் பாதையை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாது. ஆனால் ஒவ்வொரு டன்னுக்கும் பத்து கிலோ விசை கூடுதலாக வேண்டும். நம் வண்டிக்கு அது மட்டுமே 47 டன். எஞ்சினின் மொத்தப் பலமும் அதிலேயே தீர்ந்துவிடும்.

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஜோலார்பேட்டை அதில் பாதிகூட இல்லை. ஆகவே அந்தப் பக்கம் போகும் கனத்த வண்டிகளுக்குப் பின்னால் இன்னோர் எஞ்சின் வந்து தோள்கொடுக்கும். பேங்கர் என்பார்கள். அதை முன்னாலேயே சேர்க்கலாமே என்று தோன்றும். முன்னால் எத்தனை எஞ்சின் சேர்த்தாலும் முழு இழுப்பையும் தாங்க வேண்டியது முதல் பெட்டியின் கப்ளிங்தான். அதற்கும் ஓர் எல்லை உண்டு. பின்னாலிருந்து தள்ளினால் அந்தச் சுமை பகிர்ந்துகொள்ளப்படும்.

எஞ்சினைப் படமெடுக்கும்போது முகப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். சக்கரத்துக்கு முன்னால், தண்டவாளத்தை நோக்கி வளைந்த ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதன் வழியாக உலர்ந்த மணல் கொட்டும். மழைத்தூறலில் பிடி நழுவும்போது, ஆயிரக்கணக்கான குதிரைத்திறனைக் காப்பாற்றுவது ஒரு பிடி மணல். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் குழாயின் படம்தான்.

பச்சை விழுந்ததும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கப்ளிங்குகளில் இருக்கும் சிறு இடைவெளி முன்னாலிருந்து பின்னால்வரை ஒவ்வொன்றாக இறுகும். 'டங், டங்' என்று ஓசை பெட்டிக்குப் பெட்டி தாவி ஓடும். மொத்த வண்டியும் ஒரே கணத்தில் புறப்படுவதில்லை என்பதால் எஞ்சினுக்கு முதல் நொடிகள் கொஞ்சம் எளிதாகின்றன. தாண்டிப் போகும் வண்டியின் ஹாரனும் ஒரு பாடம். 70 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைக் கடக்கையில் அதன் சுருதி இறங்கும் அளவு, சதுச்ருதி ரிஷபத்திலிருந்து ஷட்ஜத்துக்கு இறங்குவதற்கு மிக அருகில் வரும். டாப்ளர் விளைவை இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது.

வெளிச்சம் குறையக் குறைய கேமராவுக்குக் கணக்கு மாறும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்தால் வண்டி நகர்வது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. முப்பதில் ஒரு பங்கு என்றால் 55 சென்டிமீட்டர், படம் கலங்கிவிடும். அந்த நேரத்தில் வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் ஒரே சீராகத் திருப்ப வேண்டும். பின்னணி கோடுகளாக ஓட, பெட்டி மட்டும் நிற்கும். இவ்வளவையும் நடைமேம்பாலத்திலோ பிளாட்பாரத்திலோ நின்றே செய்யலாம். தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். அதோடு, பிரேக்குக்கும் அந்த நகத்தளவு பிடிதான் ஆதாரம். வேகமாக வரும் பார வண்டி நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். ஆளைப் பார்த்தபின் லோகோ பைலட்டால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

படங்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்க்கும்போது பெட்டியின் 11 இலக்க எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டும் பெட்டியின் வகை, அடுத்த இரண்டும் எந்த ரயில்வே மண்டலத்துடையது என்பது, ஐந்தாவதும் ஆறாவதும் அது கட்டப்பட்ட ஆண்டு. பிறகு நான்கு இலக்கம் அதன் சொந்த எண். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் பத்தில் இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கி, ஒற்றை இடங்களில் உள்ளவற்றையும் கடைசி இலக்கத்தையும் சேர்த்தால் பத்தின் மடங்கு வர வேண்டும். மங்கலான படத்தில் ஓர் இலக்கம் மட்டும் தெரியவில்லை என்றால் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

குப்பம் பக்கமிருந்து இறங்கி வரும் வண்டியில் டபிள்யூஏஜி-9 இருந்தால் அதன் மோட்டார்கள் அப்போது ஜெனரேட்டர்களாக வேலை செய்யும். வண்டியை இழுத்துப் பிடித்தபடியே மின்சாரம் தயாரித்து மேலே உள்ள 25,000 வோல்ட் கம்பிக்கு அனுப்பும். பக்கத்துப் பாதையில் மூச்சுப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும் வண்டி அந்த மின்சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே சட்டகத்துக்குள் வரும் படம் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. அதற்காகவே அடுத்த முறையும் போவேன்.