பாட்டிக்கும் ஒரு லெவல் வேண்டும்!

நாங்கள் வசிக்கும் ஃப்ரீமாண்ட் நகரத்தின் ஊடாக ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. அதில் கடைசியாகப் பெரிய நிலநடுக்கம் வந்தது 1868-ல். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2014 முதல் 2043-க்குள் 6.7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் வர 72 சதவீத வாய்ப்பு இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "வரும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். பசங்களிடம் சொன்னால் ராத்திரி தூங்க மாட்டார்கள்.

பயமுறுத்தாமல் சொல்லித்தர மொபைல் கேம் நல்ல வழி. 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 'மான்ஸ்டர் கார்டு' என்ற ஆப்பை வெளியிட்டது. நிலநடுக்கம், சுனாமி பற்றி யுனெஸ்கோவின் பாங்காக் அலுவலகம் கொண்டுவந்த கேம் 'தானா'. கேமில் தப்பு செய்தால் திரும்ப ஆடலாம். நிஜத்தில் அந்த வசதி கிடையாது.

ஆனால், கேம் பழக்குவது விரலை. பழக வேண்டியது உடம்பு. அதனால் எங்கள் வீட்டில் ஒரு லெவல் முடிந்ததும் போனை வைத்துவிட்டு, அதையே வீட்டுக்குள் ஆடுகிறோம். எந்த மேசை உறுதியானது? எந்த ஜன்னல் பக்கம் போகக் கூடாது? கண்ணாடி உடைந்து கிடந்தால் போட்டுக்கொள்ள, கட்டிலுக்கு அடியில் செருப்பு இருக்கிறதா?

நம் வீடுகளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் அம்மா, அப்பா வருகிறார்கள். நாங்கள் ஆபீசில் இருக்கும் மாலை நேரத்தில், ஸ்கூல் விட்டு வந்த குழந்தையும் பாட்டியும்தான் வீட்டில். தரை ஆடினால் தெருவுக்கு ஓட வேண்டும் என்பது பாட்டியின் பழக்கம். இங்கே அப்படி ஓடுவதுதான் ஆபத்து. மேலேயிருந்து விழும் பொருட்களிலும் உடைந்த கண்ணாடியிலும் அடிபடலாம். பள்ளியில் படித்த 'டிராப், கவர், ஹோல்ட் ஆன்' என்பதைப் பேத்தி கத்தினால் பாட்டிக்குப் புரியுமா?

அதனால் தமிழாக்கினோம். "கீழ உட்காரு பாட்டி, மேசைக்கு அடியில போ, காலக் கெட்டியா பிடிச்சுக்கோ!" என்றாள் மகள். "யார் காலைடி?" என்றார் அம்மா. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, முட்டிவலிக்காரரால் மேசைக்கு அடியில் போக முடியாதே! அவர்கள் நாற்காலியிலேயே முன்னால் குனிந்து, இரு கைகளாலும் தலையையும் கழுத்தையும் மூடிக்கொள்ள வேண்டும். படுத்திருந்தால் எழுந்திருக்காமல், தலையணையால் தலையை மூடிக்கொள்ளலாம். நாங்கள் ஆடிய கேமில் இது இல்லை. மகள் இதற்கு 'பாட்டி லெவல்' என்று பெயர் வைத்துவிட்டாள்.

வெளிமாநிலத்தில் இருக்கும் ஒரு உறவினரின் நம்பரையும் காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். உள்ளூர் லைன்கள் நெரிசலில் திணறும்போது, வெளியூருக்கு ஒரு குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொரு அக்டோபர் மூன்றாவது வியாழனும் இங்கே 'ஷேக்அவுட்' ஒத்திகை நடக்கிறது. பள்ளியில் பிள்ளைகள் செய்துவிடுவார்கள். அன்று மாலை வீட்டில் தாத்தா, பாட்டியோடு, தமிழில், இன்னொரு முறை செய்யுங்கள். சொல்லிக் கொடுக்கிற வேலை பிள்ளைகளுடையதாகவே இருக்கட்டும்.