மூன்றாம் சலவைக்குப் பிறகு பாருங்கள்!

வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வர்ணத்தில் ஒற்றித் துணியில் வைத்தால் அழகான பூ விழும். உருளைக்கிழங்கில் மாங்காய் செதுக்கிக்கொள்ளலாம். மர அச்சு இருந்தால் கேட்கவே வேண்டாம். அச்சுக்குப் பஞ்சமில்லை, சகோதரிகளே! நாம் ஏமாறுவது வர்ணத்தில்தான்.

என் பெண்ணின் வெள்ளைக் கவுனுக்கு நான் செய்த அலங்காரத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவள் படம் வரைய வைத்திருந்த போஸ்டர் கலரை எடுத்து, ஓரம் முழுவதும் சிவப்புப் பூ பதித்தேன். அன்று தெருவே மெச்சிற்று. மறுநாள் தண்ணீரில் போட்டதும் பூ போயிற்று. போனது சும்மா போகவில்லை. கூட ஊறிய அவள் அப்பாவின் வேஷ்டியையும் ரோஜா நிறமாக்கிவிட்டுப் போயிற்று!

காரணம் என்ன? காகிதத்துக்கான அந்த வர்ணத்தில் இருப்பது தண்ணீரில் கரையும் பசை. பசை கரைந்தபின் வர்ணத்துக்குப் பிடிப்பு ஏது? ஆபீஸில் முத்திரை குத்தும் சாதாரண ஸ்டாம்பு மையும் துணியில் பரவும், துவைத்தால் கலையும். எண்ணெய் வர்ணம் கரையாதுதான். ஆனால் பூவைச் சுற்றி எண்ணெய்க் கறை படரும்; துணியும் அட்டை மாதிரி விறைத்துவிடும்.

மசூலிப்பட்டணத்துக் கலம்காரியில் கறுப்பு எப்படி நிற்கிறது, தெரியுமா? துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்துவார்கள். பிறகு, இரும்புத் துண்டும் வெல்லமும் பல நாள் ஊறிய நீரை அச்சில் ஒற்றிப் பதிப்பார்கள். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து நூலிலேயே கறுப்பாகிவிடும். அப்புறம் தண்ணீர் அதை என்ன செய்யும்?

வீட்டில் நமக்கு அவ்வளவு பாடு வேண்டாம். துணிக்கென்றே விற்கும் அக்ரிலிக் வர்ணம் போதும். அதிலுள்ள பசை, காய்ந்துவிட்டால் தண்ணீரில் கரையாது. ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள்.

புதுத் துணியானால் முதலில் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். இல்லாவிட்டால் வர்ணம் கஞ்சியைத்தான் பிடிக்கும், நூலை அல்ல. பருத்தித் துணி உத்தமம். மற்றத் துணிகளுக்கு ஏற்றதா என்று சீசாவிலேயே பாருங்கள்.

கறுப்பு, கருநீலத் துணிகளில் சாதாரண வர்ணம் எடுபடாது. அடர்ந்து மூடக்கூடிய வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

காய்கறி அச்சின் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். அச்சை வர்ணத்தில் முக்காமல், ஸ்பஞ்சில் வர்ணத்தைத் தடவி அதில் ஒற்றி எடுங்கள். பூவின் ஓரம் திட்டமாக விழும்.

ஒரு நாள் முழுவதும் நிழலில் உலரட்டும். பின்பு துணியின் உட்புறத்தில், நீராவி இல்லாமல், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடு கொடுங்கள். எத்தனை நிமிஷம் என்பதைச் சீசாவில் போட்டிருப்பார்கள். பலர் இந்த ஒரு வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு வர்ணத்தைத் திட்டுகிறார்கள்!

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு கந்தல் துண்டில் ஒரே ஒரு பூவைப் பதித்து, உலர்த்தி, தேய்த்து, மூன்று தடவை துவைத்துப் பாருங்கள். அந்தப் பூ சிரித்துக்கொண்டிருந்தால், தைரியமாகப் பெண்ணின் கவுனை எடுங்கள். வேஷ்டிக்கும் ஆபத்தில்லை!