முதுமையைத் தள்ளிப்போடுமா பழம்? புழுவில் நடக்கும் சோதனை

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாள் ஒன்றுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித் திருவிழாவில் படிக்குப் படி பூஜை செய்து ஏறுவார்கள். நாளுக்கு ஒரு படி வீதம் ஏறவிட்டால், சி. எலிகன்ஸ் என்ற புழு இருபதாவது படிக்கு முன்பின்னாக ஆயுளை முடித்துக்கொள்ளும். மூன்று, நான்கு நாளில் பருவமடைந்து, முட்டையிட்டு, தளர்ந்து, இரண்டு மூன்று வாரத்தில் இறந்துபோகும். முதுமையை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. மனித ஆயுளை ஒரு பொருள் கூட்டுகிறதா என்று பார்க்க உட்கார்ந்தால், பார்க்கிறவரின் ஆயுளே போதாது.

அடிவாரத்தில் மாதுளை, நெல்லி, நாவல் எதை வாங்கினாலும், அது இளமையைக் காக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அப்படிப்பட்ட செய்திகளில் சில, ஏதோ ஓர் ஆய்வகத்தில் இந்தப் புழுவுக்கு நடந்ததை மனிதருக்கு நடந்ததாகச் சொல்பவை.

புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர். வளர்ந்த புழுவின் உடலில் 959 செல்கள். கொய்யாவைப் பிளந்தால் நெளிவது இதுவல்ல. அது பழ ஈயின் புழு. சி. எலிகன்ஸ் அழுகும் பழத்திலும் தண்டிலும் பெருகும் நுண்ணுயிரிகளைத் தின்று வாழும். யாருக்கும் நோய் தராது. 1960களில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார். 2002இல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டாஃப்-2 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் வந்தால் புழுவின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று 1993இல் சிந்தியா கென்யன் குழு காட்டியது. நம் உடலில் இன்சுலினின் செய்தியை வாங்கும் அமைப்புக்கு அந்த மரபணு உறவுமுறை. புழுவில் தெரிந்தது மனிதருக்கும் கொஞ்சம் பொருந்தலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் இந்தப் புழுவை வைத்து ஆண்டுக்கணக்கில் ஆய்வு நடக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஆப்பிள் தோலிலும் துளசியிலும் உள்ள அர்சோலிக் அமிலம் புழுவின் ஆயுளை நீட்டியதாக 2016இல் எழுதினார்கள்.

சோதனை பார்வைக்கு எளிது. ஒரே வயதுப் புழுக்களைத் தட்டில் விட்டு, இ. கோலை பாக்டீரியாவைத் தீனியாகக் கொடுத்து, 20 டிகிரி வெப்பத்தில் வைக்கிறார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் தாவரப் பொருள் கலந்த தட்டு. பிறகு பிளாட்டினக் கம்பியால் தொட்டுப் பார்ப்பது. அசையாவிட்டால் இறந்ததாகக் கணக்கு. தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோனவை முதுமையால் இறந்தவை ஆகா. தனியாகக் குறிக்க வேண்டும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான். கலந்த பொருள் கசந்து புழு குறைவாகத் தின்றால், பட்டினியே அதன் ஆயுளைக் கூட்டிவிடும். பொருள் பாக்டீரியாவைக் கொன்றாலும் புழு நீண்ட நாள் இருக்கும். கிழட்டுப் புழுவின் சாவுக்கு அந்தத் தீனியே ஒரு காரணம். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் புழுவின் ஆயுளை நீட்டுவது பெரும்பாலும் பாக்டீரியாவை மாற்றுவதால்தான் என்று 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். பொருளைக் கரைக்கும் திரவமும் ஆயுளைப் பாதிக்கலாம் என்பதால், ஒப்பிடும் தட்டிலும் அதே திரவம் அதே அளவில் இருக்க வேண்டும்.

விளம்பரங்களுக்குப் பிடித்த 'ஆன்டிஆக்சிடன்ட்' விளக்கமும் ஆடிப்போயிருக்கிறது. ஆக்சிஜன் நச்சை முறிக்கும் மரபணு ஒன்றை நீக்கிய புழுக்கள் சீக்கிரம் சாகும் என்று எதிர்பார்த்தார்கள். அவை கூடுதலாக வாழ்ந்தன என்பது 2009இல் மான்ட்ரியலில் வந்த முடிவு. தாவரப் பொருள்கள் சிறு தொல்லை கொடுத்து உடலின் தற்காப்பைத் தட்டி எழுப்புகின்றன என்ற கருத்துக்கே இன்று வலு அதிகம்.

அமெரிக்காவில் மூன்று ஆய்வகங்கள் ஒரே பொருளை ஒரே முறையில் சோதிக்க 2013இல் கைகோத்தன. முதலில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ஓர் ஆய்வகம் முட்டை பொரித்த நாளிலிருந்து வயதைக் கணக்கிட்டிருந்தது. மற்றவை முட்டையிட்ட நாளிலிருந்து. இப்படிப்பட்டவற்றைச் சரிசெய்யவே ஓராண்டுக்கு மேல் ஆனது. 2017இல் அவர்கள் வெளியிட்ட முடிவில் பத்துப் பொருள்களில் சிலதான் பலன் தந்தன. அதுவும் புழுவின் இனத்துக்கு இனம் மாறியது. ஒரே தட்டில் ஒருமுறை கிடைத்த வெற்றியை நான் செய்தியாகவே எடுத்துக்கொள்ளமாட்டேன்.

மாதுளைக்கு மட்டும் கதை கொஞ்சம் நீள்கிறது. அதிலுள்ள எலாஜிடானின்களை நம் குடல் நுண்ணுயிரிகள் யூரோலித்தின்-ஏ ஆக மாற்றுகின்றன. இதை நேராகக் கொடுத்தபோது புழுவின் ஆயுள் சுமார் 45 சதவீதம் கூடியது. வயதான எலிகள் 42 சதவீதம் கூடுதலாக ஓடின. இது சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டது. செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களில் பழுதானவற்றை இது அகற்றவைக்கிறதாம். பின்னர் 65 முதல் 90 வயது வரையுள்ள 66 பேருக்கு நான்கு மாதம் கொடுத்துப் பார்த்து, 2022இல் முடிவைச் சொன்னார்கள். தசையின் தாக்குப்பிடிக்கும் திறன் மேம்பட்டது. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில், வெறும் மாத்திரை தின்றவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களுக்குக் கொடுத்தது பழமல்ல, நாளுக்கு 1,000 மில்லிகிராம் யூரோலித்தின்-ஏ. மாதுளை தின்னும் எல்லோருடைய குடலிலும் அது உருவாவதும் இல்லை.

எனவே 'ஆயுளைக் கூட்டும் பழம்' என்ற செய்தி வந்தால், சோதித்தது யாரிடம், எவ்வளவு கொடுத்து, வேறு எந்த ஆய்வகம் அதைத் திரும்பச் செய்தது என்று கேளுங்கள். மாதுளையும் நாவலும் நல்ல பழங்கள். தாராளமாக வாங்கிச் சாப்பிடுங்கள். அவற்றை நம்பி, மருத்துவர் எழுதித் தந்த சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.