காத்திருக்க வேண்டியது யார்?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி மாணவர்களுக்காக இணையவழிச் சிறுதேர்வு ஒன்றை நானே நிரல் எழுதித் தயாரித்தேன். 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே உறைந்து நின்றது. பதறிப்போன ஒரு மாணவி பக்கத்தை மீண்டும் ஏற்றிவிட்டாள். அவள் அளித்த விடைகள் அனைத்தும் மறைந்தன. "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா சார்?" என்று கண்கலங்கினாள். தவறு அவளுடையதன்று, என்னுடையது.

உலாவியில் ஒரு பக்கத்தைத் திரையில் வரைவது, சொடுக்குகளைக் கவனிப்பது, ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்குவது ஆகிய எல்லாவற்றையும் பெரும்பாலும் முதன்மை இழை என்ற ஒன்றே பார்க்கிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில், ஒரு முறைக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிநொடி மட்டுமே. 'சர்வரிலிருந்து பதில் வரும்வரை அடுத்த வரிக்குப் போகாதே' என்று நான் அந்த இழையையே நிறுத்தி வைத்திருந்தேன். இதைத்தான் பிளாக்கிங் அழைப்பு என்கிறோம்.

ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றால் வகுப்பு என்னவாகும்? அதனால் ஒரு மாணவனை அனுப்புகிறோம். அந்த மாணவன்தான் வெப் ஒர்க்கர் என்னும் பின்னணி இழை. அங்கே காத்திருக்கலாம். கோப்பை முழுதும் படித்து முடிக்கும்வரை நிற்கும் 'ஃபைல்ரீடர்சிங்க்' ஒர்க்கரில் மட்டுமே கிடைக்கும். 'அட்டாமிக்ஸ்.வெயிட்' என்ற கட்டளையையும் பக்கத்தின் முதன்மை இழையில் பயன்படுத்த முடியாது, பிழை காட்டும்.

ஆனால் வாசலில் நிற்கும் மாணவனுக்கு வகுப்பிலிருந்து நாம் கூப்பிடுவது கேட்காது. அதுபோலவே, தடுக்கப்பட்டு நிற்கும் ஒர்க்கர், நாம் அனுப்பும் 'நிறுத்து' என்ற செய்தியை எடுத்துப் பார்க்காது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. 'இவ்வளவு நேரம்தான்' என்று அட்டாமிக்ஸ்.வெயிட்டுக்குக் கால வரம்பு தரலாம். பகிர்ந்த நினைவகம் வழியாக 'அட்டாமிக்ஸ்.நோட்டிஃபை' கொண்டு எழுப்பலாம். எதுவும் பயன்படாதபோது 'டெர்மினேட்' மூலம் ஒர்க்கரையே முடித்துவிடலாம். ஒன்றுமட்டும் கூடாது: ஒர்க்கர் முதன்மை இழைக்காகவும் முதன்மை இழை ஒர்க்கருக்காகவும் காத்திருந்தால் இரண்டுமே நகராது.

என் தேர்வுக்கு ஒர்க்கர்கூடத் தேவைப்படவில்லை. இழையைத் தடுக்காத 'ஃபெட்ச்' போதுமானதாக இருந்தது. இப்போது விடைகள் முதலில் உலாவியிலேயே சேமிக்கப்படுகின்றன, பிறகுதான் அனுப்பப்படுகின்றன. 'அனுப்பப்படுகிறது, காத்திருக்கவும்' என்ற வரியும் திரையில் தெரிகிறது. உங்கள் ஆய்வகத்தில் திரை உறைந்தால், குழந்தையைக் கடிந்துகொள்ளும் முன் நிரலைச் சற்றுப் பாருங்கள்.