பான்டியாக் ஃபியரோ: கடைசி வருஷத்தில் சரியான கார்

அமெரிக்கக் கார் கம்பெனிகள் ஒரே காரை வருஷா வருஷம் புது "மாடல்" என்று சொல்லி விற்பது பழைய வழக்கம். பெரும்பாலும் மாற்றம் என்று பார்த்தால் சீட் துணி மாறியிருக்கும், ரெண்டு புதுக் கலர் வந்திருக்கும், முன்னாடி கிரில் கொஞ்சம் அகலமாகியிருக்கும். அதனால் ஒரு காரின் மாடல் வருஷங்களை வரிசையாகப் படிப்பது பொதுவாகத் தூக்கம் வரவழைக்கிற வேலை. 1984 முதல் 1988 வரை வந்த பான்டியாக் ஃபியரோ அப்படியில்லை. அதன் ஐந்து மாடல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், முதல் வருஷம் வாங்கின கடனை ஒரு ஆள் தவணை தவணையாக அடைக்கிற மாதிரி இருக்கும். கடைசித் தவணை கட்டி முடித்த அன்றைக்குக் கடையையே மூடிவிட்டார்கள்.

முதலில் இது என்ன கார் என்று சொல்லிவிடுகிறேன். ரெண்டே சீட். எஞ்சின் முன்னால் இல்லை, சீட்டுகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். ஃபெராரி, லம்போர்கினி மாதிரியான கார்கள் எஞ்சினை இப்படி நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காரிலேயே கனமான பொருள் நடுவில் இருந்தால் வளைவில் கார் சட்டென்று திரும்பும். அந்த அமைப்பில், கண்ணை மூடித் திறக்கிற மாதிரி எழும்பி அடங்கும் ஹெட்லைட்டோடு, 8,000 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் ஒரு அமெரிக்கக் கார் வந்தால் எப்படி இருந்திருக்கும்? முதல் வருஷமே 1,36,840 கார்கள் தயாராயின. 1984 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஃபியரோதான் பேஸ் கார்.

இந்த விலை எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் விதை இருக்கிறது.

பான்டியாக் அப்போது ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவாக இருந்தது. அதே ஜெனரல் மோட்டார்ஸில் செவ்ரோலே பிரிவிடம் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் ஏற்கெனவே இருந்தது. ரெண்டாவதாக ஒன்றுக்கு மேலிடம் லேசில் பணம் தராது. ஆனால் 1970-களின் கடைசியில் பெட்ரோல் விலை எல்லாரையும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. அதனால் பான்டியாக் ஆட்கள் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லாமல், ஆபீஸ் போய்வர எரிபொருள் சிக்கனமான சின்ன ரெண்டு சீட் கார் என்று சொல்லி அனுமதி வாங்கினார்கள். துருக்கியில் பிறந்த எஞ்சினியர் ஹுல்கி அல்டிகாக்டிதான் திட்டத்துக்குத் தலைமை. அவருக்குக் கிடைத்த பட்ஜெட், ஒரு புதுக் காருக்கு அந்தக் கம்பெனி வழக்கமாகச் செலவழிப்பதை வைத்துப் பார்த்தால் ரொம்பக் கம்மி.

அந்தப் பணத்தை அவர் எங்கே போட்டார் என்பது முக்கியம். பெரும்பகுதி எலும்புக்கூட்டுக்குப் போனது. ஃபியரோவின் உடம்பு ஒரு எஃகுக் கூண்டு. வெளியே தெரிகிற கதவு, ஃபெண்டர், பம்பர் எல்லாம் அதன் மேல் போல்ட் போட்டு மாட்டின பிளாஸ்டிக் பலகைகள். அந்தப் பலகைகளைக் கழற்றிப் போட்டாலும் கார் ஓடும். பாரம் முழுவதையும் தாங்குவது கூண்டுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெல்டிங் வைத்துச் சேர்த்த கூண்டு ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது, மில்லிமீட்டர் கணக்கில் அங்கங்கே தள்ளும். அதன் மேல் பலகையை மாட்டினால் இடுக்கு ஒரு பக்கம் பெரிசாகவும் ஒரு பக்கம் சின்னதாகவும் தெரியும். இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பலகை உட்காரும் 39 இடங்களில் சின்னச் சின்ன மேடை மாதிரி வேண்டுமென்றே தடிமனாக விட்டுவிடுவார்கள். கூண்டு முழுசாக வெல்டு ஆன பிறகு அதை ஒரு பெரிய மெஷினுக்குள் வைத்து, 39 மேடைகளையும் ஒரே நேரத்தில் சீவித் துளை போடுவார்கள். கூண்டு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, துளைகள் 39-ம் சரியான இடத்தில் வந்துவிடும். மிச்சிகனில் பான்டியாக் நகரத்துத் தொழிற்சாலையில் இதற்கென்றே அந்த மெஷினை நிறுவினார்கள்.

சரி, மிச்சத்துக்குப் பணம்? இல்லை. அதனால் கம்பெனியின் மற்ற கார்களிலிருந்து உதிரி பாகம் எடுத்துக்கொண்டார்கள். முன் சஸ்பென்ஷன் ஷெவெட் என்ற மலிவுக் காரிலிருந்து வந்தது. பின்பக்கம் இன்னும் சுவாரஸ்யம். செவ்ரோலே சைட்டேஷன் மாதிரியான முன்சக்கர டிரைவ் கார்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், சக்கரம் எல்லாம் முன்பக்கம் ஒரே தொகுப்பாக இருக்கும். அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து, ஃபியரோவின் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். பார்த்தால் கெட்டிக்காரத்தனமான யோசனை.

ஆனால் அந்தச் சக்கரங்கள் முன்பக்கத்தில் ஸ்டீயரிங்குக்குத் திரும்பும்படி செய்யப்பட்டவை. பின்னால் வந்த பிறகு திரும்பக் கூடாது. அதனால் ஸ்டீயரிங்கோடு சேர வேண்டிய டை ராடுகளைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். கதவின் கீலை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்து மாட்டின மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது சஸ்பென்ஷன் கை ஒரு வட்டத்தில் போகும், டை ராடு வேறொரு வட்டத்தில் போகும். ரெண்டும் ஒத்துப்போகாததால் பின்சக்கரம் தானாகவே துளி திரும்பும். வேகமாக வளையும்போது ரோட்டில் ஒரு மேடு வந்தால் ஓட்டுகிறவருக்கு வயிற்றைக் கலக்கும்.

எஞ்சின் "ஐயர்ன் டியூக்" என்று பேர் வாங்கின 2.5 லிட்டர் நாலு சிலிண்டர், 92 குதிரைத்திறன். மோசமான எஞ்சின் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கத் தபால்துறையின் அந்தப் பெட்டி மாதிரி வேன்களில் வருஷக்கணக்காக உழைத்ததும் இதே டியூக் குடும்பம்தான். ஆனால் அது தபால் வேனுக்கான மனசு. 1,100 கிலோவைத் தாண்டின ஃபியரோவை 96 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுபோக சுமார் 11 விநாடி எடுத்துக்கொண்டது.

இனி தவணைகள். 1985-ல் 2.8 லிட்டர் வி6 எஞ்சின் வந்தது, 140 குதிரைத்திறன். அதே வேகத்தைச் சுமார் 8 விநாடியில் தொட்டது. நாலு சிலிண்டர் காருக்கு 5 கியர் கொடுத்தார்கள். வி6 வாங்கினவர்களுக்குத்தான் 4 கியரோடு நின்றது, அதற்கும் 5 கியர் வர 1986 நடுப்பகுதி ஆனது. வேகமான காருக்குப் பழைய கியர்பாக்ஸ் என்பது வேடிக்கையாகத் தெரிந்தாலும், அந்த முறுக்குவிசையைத் தாங்குகிற 5 கியர் பெட்டி கைவசம் இல்லாததன் விளைவு அது.

1986-ல் ஜிடி மாடலின் உருவமே மாறியது. கூரையிலிருந்து பின்பக்கம் வரை சரிந்து இறங்குகிற ஃபாஸ்ட்பேக் வடிவம். ஃபியரோ என்றாலே இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வருவது இதுதான். கூண்டு அதேதான், பலகைகள் மட்டும் வேறு. 1987-ல் சாதாரண மாடலுக்கும் புது மூக்கு வைத்தார்கள், டியூக் 98 குதிரைத்திறன் ஆனது. அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

இந்த வரிசையை ஒருதடவை திரும்பிப் பாருங்கள். எளிதாக மாற்றக்கூடியது முதலில் மாறியது. எஞ்சினும் கியர்பாக்ஸும் கம்பெனி அலமாரியிலேயே இருந்தவை. தோலை மாற்றப் புது பிளாஸ்டிக் அச்சு போதும். ஆனால் ஓட்டுகிறவர்கள் முதல் வருஷத்திலிருந்தே குறை சொன்ன சஸ்பென்ஷன் நாலு வருஷம் அப்படியே இருந்தது. இதற்குள் 1985 மாடலாக டொயோட்டா எம்ஆர்2 அமெரிக்காவுக்கு வந்துவிட்டது. அதுவும் நடு எஞ்சின், ரெண்டு சீட். 1.6 லிட்டர்தான், ஆனால் 112 குதிரைத்திறன், முடுக்கினால் பாடுகிற எஞ்சின். டொயோட்டாவும் கொரோலா குடும்பத்து பாகங்களை எடுத்துத்தான் செய்தது. ஆக, கடன் வாங்கின பாகம் என்பதே குற்றமில்லை. எதைக் கடன் வாங்குகிறோம், வாங்கினதை எவ்வளவு சரிசெய்கிறோம் என்பதில்தான் ரெண்டு கம்பெனிக்கும் வித்தியாசம்.

நடுவில் ஒரு கிளைக்கதை. பலகைகள் வெறும் போர்வை என்பதால், அவற்றைக் கழற்றிவிட்டு ஃபெராரி மாதிரி உடம்பை மாட்டுகிற தொழிலே கிளம்பியது. ஃபெராரி 308-ஐ அப்பட்டமாகக் காப்பியடித்த மெரா என்ற கார் பான்டியாக் டீலர்களிடமே கிடைத்தது. ஃபெராரி கோர்ட்டுக்குப் போன பிறகுதான் நின்றது. இப்போதும் பழைய சினிமாவிலோ கல்யாண ஊர்வல வீடியோவிலோ ஒரு சந்தேகத்துக்குரிய ஃபெராரியைப் பார்த்தால், அதன் உள்ளே ஃபியரோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சஸ்பென்ஷனைவிடப் பெரிய கடன் ஒன்று இருந்தது. தீ.

1984 நாலு சிலிண்டர் கார்களில் எஞ்சின் பகுதி தீப்பிடித்தது. இதற்கு ஒரே காரணம் கிடையாது, காரணங்களின் சங்கிலி. எஞ்சினை அந்த இடுக்கில் வைக்க, ஆயில் சம்ப்பைச் சின்னதாக்கினார்கள். மற்ற கார்களில் இதே எஞ்சினுக்கு 4 குவார்ட் ஆயில் என்றால் இதில் 3 குவார்ட். ஒரு குவார்ட் என்பது ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆயில் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, எரிந்தோ ஒழுகியோ ஒரு குவார்ட் போனாலே மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். இதோடு, கனெக்டிங் ராடுகளில் ஒரு பகுதியின் வார்ப்பு சரியில்லை. ஆயில் குறைந்து, முடுக்கி ஓட்டும்போது ராடு உடையும். உடைந்த ராடு எஞ்சின் சுவரில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியே கொதிக்கிற ஆயில் எக்ஸாஸ்ட் குழாய் மேல் தெறிக்கும். அப்புறம் தீ.

ஆயில் அளவைப் பார்க்காமல் ஓட்டியது உரிமையாளர் தப்புதானே என்ற வாதத்தை இப்போதும் கேட்கலாம். எனக்கு ஒப்புதல் இல்லை. பேஸ் கார் என்று விளம்பரம் செய்து, ஃபெராரி சாயலில் காரை விற்றுவிட்டு, வாங்கினவன் ஆபீஸ் போய்வருகிற மாதிரிதான் ஓட்டுவான் என்று கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்குதான் தப்பு. அனுமதி வாங்குவதற்காக மேலிடத்திடம் சொன்ன "ஆபீஸ் கார்" என்கிற கதையை, எஞ்சின் மட்டும் நிஜமென்று நம்பிவிட்டது.

1987 நவம்பரில் 1984-ன் நாலு சிலிண்டர் கார்கள் அத்தனையையும் திரும்ப அழைத்தார்கள். கூடுதல் ஆயில் பிடிக்கும்படி மாற்றி, டிப்ஸ்டிக் அளவையும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்போது ஷோரூமில் நின்றுகொண்டிருந்தது 1988 மாடல்.

அந்த 1988 மாடலில்தான் சஸ்பென்ஷன் கடைசியில் மாறியது. பின்பக்கம் சைட்டேஷனின் தொகுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, இந்தக் காருக்காகவே வடிவமைத்த மூன்று இணைப்பு சஸ்பென்ஷன். திரும்பும் சக்கரத்தைக் கட்டிப்போடுகிற வேலையே இல்லை. முன்பக்கம் ஷெவெட்டும் போனது (ஷெவெட் காரின் உற்பத்தியும் 1987 மாடலோடு முடிந்துவிட்டது). ஃபியரோவுக்குப் பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதனால் மெதுவாகப் போகும்போது திருப்ப முன்பெல்லாம் தோள் வலிக்கும். புது முன் அமைப்பில் அது கணிசமாகக் குறைந்தது. நாலு சக்கரத்துக்கும் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக். பகட்டு குறைவாக, வி6-ம் நல்ல சஸ்பென்ஷனுமாக ஃபார்முலா என்று ஒரு மாடலும் வந்தது. ஐந்தில் ஒன்றை எடுத்துக்கோ என்று என்னிடம் சொன்னால் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன்.

வாங்க ஆள் இல்லை. 1985-ல் 76,371, 1986-ல் 83,974, 1987-ல் 46,581, 1988-ல் 26,402. வருஷத்துக்கு ஒரு லட்சம் கார் செய்யக் கட்டின தொழிற்சாலைக்கு இந்த எண்ணிக்கை கட்டுப்படியாகாது. கார்வெட்டுக்குப் போட்டியாக வந்துவிடும் என்றுதான் கொன்றார்கள் என்று ஃபியரோ ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். அரசியல் இருந்திருக்கலாம். ஆனால் மேலே உள்ள எண்களே கதையை முடிக்கப் போதும் என்று எனக்குப் படுகிறது.

மொத்தம் 3,70,168 கார்கள். அதில் 37 சதவீதம் முதல் வருஷத்தவை. எல்லாம் சரியான 1988 கார்கள் வெறும் 7 சதவீதம். தெருவில் ஓடின ஃபியரோக்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் அரைவேக்காட்டு மாடலாக இருக்கும்போது, ஜனங்கள் "ஃபியரோ இப்படித்தான்" என்று முடிவு கட்டினதில் ஆச்சரியமில்லை.

1990 மாடலுக்கென்று ஒரு புது ஃபியரோவின் மாதிரி கார்கூடத் தயாராகியிருந்தது. 1988 ஆகஸ்ட் 16 அன்று கடைசி ஃபியரோ, ஒரு சிவப்பு ஜிடி, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதைத் தொழிலாளர்களிடையே குலுக்கல் போட்டு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் அதை ஓட்டாமல் பத்திரமாக வைத்திருந்தார். 2020-ல் ஏலத்துக்கு வந்தபோது 90,000 டாலருக்குப் போனது. ஓடியிருந்த தூரம் 600 மைலுக்கும் குறைவு.