சக்கர வழி – 17: பாய்ச்சலையும் உப்பையும் தாங்கும் போர்க்

சோளகம் எழும்பிவிட்டால் மன்னார்த் தீவில் இரும்புக்கு நிம்மதியில்லை. தென்கரையில் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று கடலுப்பையும் மணலையும் அள்ளிவந்து, விறாந்தையில் சாத்திவைத்த சைக்கிளிலும் பூசிவிட்டுப் போகிறது. சென்ற வாரம் டயரைப் பார்த்தோம். இந்த வாரம் முன்சில்லைப் பிடித்துநிற்கும் போர்க். இங்கே அதை வாங்குபவர் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: குதித்து இறங்கும் அடியைத் தாங்குமா? தீவின் தாழ்வுப்பாடு, பேசாலைக் கரைகளின் உப்புக்காற்றைத் தாங்குமா?

முதலில் அடி. மண்மேட்டில் ஏறிப் பாய்பவருக்கும், தெருவில் படிக்கட்டு, மதகு என்று குதிப்பவருக்கும் அதிகம் அமுங்கும் போர்க் தேவையில்லை. அமுக்கம் கூடினால், எழும்பும் நேரத்தில் கால் கொடுத்த உந்தலை ஸ்பிரிங்கே விழுங்கிவிடும். 80 முதல் 100 மில்லிமீற்றர் போதும். அதுவும் இறுக்கமாக இருக்கட்டும். குறைந்த அமுக்கம் ஒரு குறையல்ல: போல் டேர்னர் 1989இல் தொடங்கிய ரொக்சொக்ஸ் நிறுவனத்தின் முதல் போர்க் 50 மில்லிமீற்றர்கூட அமுங்காது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த உலக மலைச்சைக்கிள் சாம்பியன் போட்டியில் நெட் ஒவரெண்ட் வென்றது அந்தப் போர்க்கோடுதான்.

அமுக்கத்தைவிடத் தடிப்பைப் பாருங்கள். கீழ்க்கால்களுக்குள் இறங்கி ஏறும் மேற்குழாய்கள் 32 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சில்லின் அச்சு 15 அல்லது 20 மில்லிமீற்றர் தடித்து, இரு கால்களையும் ஊடுருவிப் பூட்டுவதாக இருந்தால், சரிந்து இறங்கினாலும் போர்க் எளிதில் முறுகாது. மர்சொக்கியின் பொம்பர் டிஜே, மனிற்றுவின் சேர்க்கஸ் போன்றவை இப்படிக் குதித்து ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை.

அடுத்தது உப்பு. மலிவான போர்க்குகளின் மேற்குழாய் பெரும்பாலும் குரோம் பூசிய இரும்பு. பூச்சில் ஒரு புள்ளி துரு பிடித்தால் போதும். ஒவ்வொரு அமுக்கத்திலும் அது ரப்பர் சீலை அராவும். சீல் போனால் மணல் உள்ளே, எண்ணெய் வெளியே. சில மாதங்களில் போர்க் இறுகிப்போகும். அலுமினியக் குழாய்க்கு இந்தத் துரு இல்லை. ஆனால் நல்ல போர்க்குகளின் கீழ்க்கால் பலவும் மக்னீசிய உலோகம். பெயின்ற் உதிர்ந்த இடத்தில் உப்பு அதையும் தின்னும். கீறல் கண்டால் உடனே பூசிவிடுங்கள். ஓடி முடித்ததும் நன்னீரால் மெதுவாகக் கழுவித் துடையுங்கள்; பம்பால் பீய்ச்சினால் உப்பு சீலுக்குள் புகும். கீழ்க்காலை 50 மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது ரொக்சொக்ஸ். கடற்கரையில் அதற்கும் முன்னரே செய்வது நல்லது.

பழைய போர்க் வாங்குகிறீர்களா? குழாயின் பின்புறத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்புத் தட்டினால் விட்டுவிடுங்கள். முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், கடகடத்தாலும் வேண்டாம். அந்த மாதிரிக்கு சீல் கொழும்பிலாவது கிடைக்குமா என்று கேட்டபின் காசைக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் கையில் பணம் போதாதென்றால் மலிவான ஸ்பிரிங் போர்க்குக்கு ஆசைப்படாதீர்கள். குரோமொலி உருக்கில் செய்த, அமுங்காத போர்க்கை வாங்குங்கள். பிஎம்எக்ஸ்காரர்கள் காலங்காலமாக அதில்தான் குதிக்கிறார்கள். உப்புக்காற்றில் கெட்டுப்போக அதில் சீலும் இல்லை, எண்ணெயும் இல்லை.

(தொடரும்)