வேண்டாத பணம்

நான்கு ஆண்டு இடைவெளியில் கேரள மீனவர்கள் இரண்டு தொகைகளை வேண்டாம் என்று தள்ளியிருக்கிறார்கள். முதலாவது 2018 ஆகஸ்டில், நாளொன்றுக்கு ரூ. 3,000. இரண்டாவது 2022 டிசம்பரில், மாதம் ரூ. 2,500. இரண்டுமே அன்றாடங்காய்ச்சிகளுக்குச் சிறிய தொகைகள் அல்ல.

பெருவெள்ளத்தில் செங்கன்னூரும் ஆரன்முளாவும் மூழ்கியபோது, விழிஞ்ஞம், பூந்துறை போன்ற திருவனந்தபுரம் கடலோர ஊர்களிலிருந்தும் வள்ளங்கள் லாரியேறின. மாநிலம் முழுவதுமாக 669 படகுகள், 4,537 மீனவர்கள். காப்பாற்றப்பட்டவர்கள் 65,000 பேருக்குமேல் என்பது அரசின் கணக்கு. முதல்வர் பினராயி விஜயன் அவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார். படகுக்கு நாளொன்றுக்கு ரூ. 3,000மும் எரிபொருளும் தருவதாகவும் அறிவித்தார். கொச்சி மீனவர் ஒருவர் வீடியோவில் பதில் சொன்னார்: கூடப்பிறந்தவர்களைக் காப்பாற்றக் கூலி வாங்குவது வருத்தம் தருகிறது. சேதமான படகுகளைச் சரிசெய்து தருவதை மட்டும் அவர் மறுக்கவில்லை. கூலி வேறு, நஷ்ட ஈடு வேறு அல்லவா?

இதில் வியப்பு என்னவென்றால், அரசின்மீது இவர்களுக்கு அப்போது அன்பு பொங்கி வழிய எந்தக் காரணமும் இல்லை. ஒக்கி புயல் அடித்து ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. எச்சரிக்கை சரியான நேரத்தில் வரவில்லை என்ற கொதிப்பில், 2017 டிசம்பரில் விழிஞ்ஞம் வந்த முதல்வரையே முற்றுகையிட்டவர்கள் இவர்கள். குமரி மாவட்டத்துக் கரைகளிலும் அன்று அதே ஓலம், அதே கோபம். ஆனாலும் வெள்ளத்தில் தத்தளித்தவர்கள் அரசு அல்ல, 'நம்மாட்கள்'.

பங்கு என்பது இந்தக் கரையில் புத்தகத்தில் படிக்கும் விஷயமல்ல. வள்ளம் கரையேறியதும் மீன் ஏலம் போகிறது. எண்ணெய்ச் செலவு கழிகிறது. படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மீதி ஆட்களுக்கு. கணக்கு எல்லோர் கண்ணெதிரே நடக்கும். ஒரு காலத்தில் ஏலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் கடன் கொடுத்த வியாபாரிகள். 1970ல் மரியநாடு மீனவர்கள் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து ஏலத்தைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். அந்த வழியில் பல ஊர்ச் சங்கங்கள் எழுந்தன. குமரி மாவட்டத்துச் சங்கங்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பாகவே அது பின்னர் வளர்ந்தது.

1982ல் ஜெர்மானியப் பொருளாதார நிபுணர் வெர்னர் கூத்தும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒருவரிடம் பணம் கொடுத்து, இன்னொருவருக்கு எவ்வளவு தருவது என்று அவரையே முடிவு செய்யச் சொன்னார்கள். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் பூஜ்யம். லாப நஷ்டக் கணக்குப்படி பத்து பைசா வந்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அற்பப் பங்கைப் பலர் தூக்கியெறிந்தார்கள். வலியதுறைக்காரர்களைக் கேட்டிருந்தால் சோதனையே தேவைப்பட்டிருக்காது.

அங்கே கடல் வீடுகளைக் கொண்டுபோனதால் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு கிடங்கில் முடங்கிக் கிடந்தன. கரை அரிப்புக்குக் காரணம் அதானி குழுமம் கட்டிவந்த விழிஞ்ஞம் துறைமுகம் என்றார்கள் மீனவர்கள். இல்லை என்றது அரசு. 2022 ஆகஸ்ட் 16ல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் துறைமுக வாசலில் போராட்டம் தொடங்கியது. எதிரே, துறைமுகம் வேண்டும் என்று உள்ளூர் மக்கள் இன்னொரு பந்தல் போட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். நவம்பர் இறுதியில் கல்வீச்சு, காவல் நிலையத் தாக்குதல், பேராயர்மீதே வழக்கு. நான்கு ஆண்டுகளுக்குமுன் 'சொந்தப் படை'யாக இருந்தவர்கள் இப்போது கலவரக்காரர்கள். 'நம்மாட்கள்' என்ற வட்டம் இவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்று வெள்ளத்தின்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

டிசம்பர் 6ல் போராட்டம் முடிந்தது. துறைமுக வேலையை நிறுத்த வேண்டும் என்ற முக்கியக் கோரிக்கை நிறைவேறவில்லை. வீடிழந்தவர்களுக்கு மாத வாடகை ரூ. 5,500 என்றது அரசு. போதாது என்றபோது, அதானி நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து மேலும் ரூ. 2,500 வாங்கித் தருவதாகச் சொன்னது. அரசு தரும் 5,500 போதும், அந்த 2,500 வேண்டாம் என்று போராட்டக் குழு எழுந்து வந்துவிட்டது.